இருநூற்றுப் பதினான்கில் ஒன்று

1981 பெப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை 8.40.

இரும்பு அலுமாரியின் பூட்டு உடைக்கப்படவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பதின்மூன்று ஆய்வு நோட்டுகள் இருக்க வேண்டிய தட்டில் பன்னிரண்டுதான் இருந்தன. 1970ஆம் ஆண்டு நோட்டைக் காணவில்லை.

டாக்டர் ஸுபைரா இரண்டாம் முறை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதுதான் அவர் தொழில். பசறைக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் அந்தத் தேயிலை ஆய்வு நிலையத்தில் பதின்மூன்று வருடமாகத் தேயிலை வேரின் உயிர்க்கலங்களை எண்ணி வருகிறார். கலம் இரண்டாகப் பிரிந்தால்தான் செடி வளரும். ஆயிரம் கலத்தில் எத்தனை பிரிகின்றன என்று பார்த்தால் எந்தச் செடி வேகமாக வளரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தினமும் காலை பத்தரைக்கு வேர் நுனியை வெட்டி, சிவப்புச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ண வேண்டும். கண் எரியும், கழுத்து வலிக்கும், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஸுபைரா அதைத் தொண்ணூறு வேலைநாள் விடாமல் செய்து 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரையை இதுவரை உலகெங்கும் இருநூற்றுப் பதினான்கு ஆய்வுக் கட்டுரைகள் சான்றாக மேற்கோள் காட்டியிருந்தன. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான், சர்வதேசத் தேயிலை ஆய்வுக் குழுவுக்கு இலங்கையிலிருந்து போகும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அவர் பெயர் முதலிடத்தில் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் போடாத யாரோ பதுளைத் தபாலில் கொழும்புக்கு ஒரு பழைய நோட்டை அனுப்பியிருக்கிறார்கள். அது இதே நிலையத்தில் வேலை செய்து 1970இல் காலமான டாக்டர் அலவியின் நோட்டாம். 1969 என்று தேதியிட்ட அதில், ஸுபைராவின் கட்டுரையிலுள்ள அதே தொண்ணூறு எண்கள் இருக்கின்றனவாம். செத்துப்போனவரின் உழைப்பைத் திருடியதாக ஸுபைரா மேல் குற்றச்சாட்டு. விசாரணை பன்னிரண்டாம் தேதி, வியாழன், காலை பத்து மணிக்கு.

அந்த எண்களைத் தானே எண்ணியதற்கு ஸுபைராவிடம் இருந்த ஒரே அத்தாட்சி 1970ஆம் ஆண்டு நோட்டு.

காலை 9.30.

பசறைப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் இத்ரூஸ் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே நிலையத்தின் துணைப் பணிப்பாளர் டாக்டர் வீரசிங்கம் படியில் காத்திருந்தார். அழகாகச் சீவிய நரைத்த தலை. பேச்சிலும் ஒரு சீவல் இருந்தது.

"பெரிய விசாரணை ஒண்ணும் தேவைப்படாது இன்ஸ்பெக்டர். அலுமாரிக்கு மூணு சாவி. ஒண்ணு டாக்டர் ஸுபைராகிட்ட. ஒண்ணு லாப் உதவியாள் மாடசாமிகிட்ட. மூணாவது எங்க ஒஃபிஸ் சுவர்ல தொங்குது. பூட்டை உடைக்காம எடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா?"

"சொல்லாதீங்க" என்றார் இத்ரூஸ். "சம்பளம் வாங்குறது நான்."

அவர் முதலில் ஒஃபிஸ் சுவரைப் பார்த்தார். மூன்றாவது சாவி ஆணியில் தொங்கியது. பக்கத்திலேயே ஒரு படம்: பனி கொட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் முன் கம்பளிக் கோட்டோடு வீரசிங்கம்.

"இங்கிலாந்து" என்றார் வீரசிங்கம், கேட்காமலே. "அறுபத்தஞ்சு கடைசியில போனேன். எழுபத்திரண்டுலதான் திரும்பினேன். ஏழு குளிர்காலம். நம்ம ஆளுங்களுக்கு அந்தக் குளிர் தாங்காது."

"உங்க கட்டுரைகளுக்கு எத்தனை மேற்கோள் சேர்?"

வீரசிங்கத்தின் முகம் சற்று இறுகியது. "ஒன்பது."

சர்வதேசக் குழுவுக்கான பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையது என்பதையும், அந்த ஒன்பதில் ஏழு அவரே தன் கட்டுரைகளில் தன்னைக் காட்டிக்கொண்டவை என்பதையும் ஸுபைரா பிறகு சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

காலை 9.55.

மாடசாமி இருபது வருடமாக லாபில் வேலை செய்பவர். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பு. இன்ஸ்பெக்டரின் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார்.

"நேத்து எத்தனை மணிக்குப் பூட்டுனீங்க?"

"அஞ்சு மணிக்குங்க ஐயா. பதின்மூணும் இருந்துச்சு."

"சாவி?"

"இடுப்புலயே இருக்குங்க. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டேன்."

"இப்ப தட்டைப் பார்த்தா என்ன தோணுது?"

மாடசாமி அலுமாரியின் பக்கம் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் வந்தது.

"யாரோ கலைச்சுப் போட்டிருக்காங்கய்யா. அறுபத்தெட்டு மொதல்ல நிக்கும். பெறகு வரிசையா வரும். வெள்ளிக்கெழமை தோறும் நாந்தான் தூசி தட்டுறேன், எனக்கு இங்கிலீசு தெரியாட்டியும் எடம் தெரியும். இப்ப பாருங்க, எழுபத்தஞ்சு போய் எழுபத்திரண்டுக்கு முன்னாடி நிக்குது."

இத்ரூஸ் தன் சிறு புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"என்னைப் புடிச்சுட்டுப் போனாலும் போங்கய்யா. ஆனா அந்தம்மா திருடுனாங்கன்னு யாரும் சொல்ல வேணாம். எழுபதுல நாந்தான் வேரு வெட்டிக் குடுத்தேன். இந்தக் கையாலதான்."

"அதை வியாழக்கிழமை வந்து சொல்லுங்க."

"சொல்றேங்க. ஆனா கூலிக்காரன் சொன்னா எடுபடுமா?"

எடுபடாது என்று இத்ரூஸுக்கும் தெரியும். அது தெரிந்திருந்ததே அவருக்கு எரிச்சலைத் தந்தது.

காலை 10.15.

ஸுபைராவின் கீழ் வேலை செய்யும் இளம் ஆய்வாளர் ஹுமைத், பதுளைக் கடைவீதிப் பையன். ஸுபைரா போனால் அந்த லாப் அவருக்குத்தான் வரும்.

"நேத்துப் பின்னேரம் எங்க இருந்தீங்க?"

"ஒஃபிஸ்ல சேர். அஞ்சரை வரைக்கும்."

"சாவி தொங்குற சுவருக்குப் பக்கத்துல?"

"ஓம் சேர். வீரசிங்கம் சேரும் இருந்தார். நான் போகும்போது அவர் இருந்தார்." ஹுமைத் நிமிர்ந்து பார்த்தார். "நான் எடுத்தேன்னு நினைக்கிறீங்களா?"

"அறுபத்தொன்பதுல எங்க இருந்தீங்க?"

"பதுளையில. பள்ளிக்கூடத்துல, எட்டாம் வகுப்பு."

ஸுபைரா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. எழுந்து கத்தியை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர், ஒரு கால் மணித்தியாலம் பொறுங்க. வேர் நுனி வெட்டணும்."

"நோட்டே களவு போயிருக்கு, இன்னைக்குமா?"

"கலம் எனக்காகக் காத்திருக்காது. நாளைக்கு என்னை வேலையில இருந்து துரத்தினா துரத்தட்டும். இன்னைக்கு என் வேலை இது."

இத்ரூஸ் பொறுத்திருந்தார். அந்தப் பெண்மணி மேல் அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

காலை 10.50.

"1970இல் எடுத்த கண்ணாடி ஸ்லைட்டுகள் இருந்தா காட்டலாமே?" என்றார் இத்ரூஸ்.

"அந்தச் சாயம் சில வாரம்தான் நிக்கும். பிறகு வெளுத்துடும்." கையைத் துடைத்தபடி ஸுபைரா சொன்னார். விரல்கள் சிவந்திருந்தன. "மிச்சம் இருக்கிறது அச்சான கட்டுரை ஒண்ணுதான். அதுல தேதி இல்லை. முதல் எண்ணிக்கை 1970 ஜனவரியிலன்னு ஒரு வரி. பிறகு வரைபடத்துல நாளுக்கு ஒரு புள்ளி."

மேசையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வெளிநாட்டுத் தபால் அட்டைகள். கட்டுரையின் பிரதி கேட்டு வந்தவை. இத்ரூஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரிலிருந்து வந்த ஒன்று மட்டும் நீண்ட கடிதமாக இருந்தது. இத்ரூஸ் ஆங்கிலத்தை மெதுவாக எழுத்துக்கூட்டினார். உங்கள் வரைபடத்தில் இடையிடையே புள்ளிகள் விட்டுப்போகின்றன, பெரும்பாலும் ஏழு நாளுக்கொருமுறை, சில இடங்களில் எட்டு நாளுக்கொருமுறை, தேயிலைக் கலங்கள் அந்த நாட்களில் ஓய்வெடுக்கின்றனவா என்று கேட்டிருந்தார் அந்தப் பேராசிரியர்.

"ஓய்வெடுக்குதா?"

ஸுபைரா முதல்முறையாகச் சிரித்தார். "லாப் பூட்டியிருந்த நாள், அவ்வளவுதான். பதில் எழுதினேன். அது போய்ச் சேரும் முன்னமே மனிசர் அவசரப்பட்டு ஒரு கட்டுரையே எழுதிட்டார். அதுவும் அந்த இருநூற்றுப் பதினாலுல ஒண்ணு. அந்தக் கதையை விடுங்க."

இத்ரூஸ் விட்டுவிட்டார். ஜீப்பில் ஏறும்போது வரைபடத்தின் ஒரு பிரதி மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

பகல் 1.15.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி ஜெஸீமா கதை கேட்டார். அலவி என்ற பெயர் வந்ததும் கை நின்றது.

"நம்ம கல்யாணத்துக்கு வந்தாரே, அந்த டொக்டரா? மறப்பேனா? உங்க பக்கத்துல வந்ததே ஆறு பேர்!"

"வேலை நாள்ல கல்யாணம் வச்சா யார் வருவா? எங்க வாப்பா பிடிவாதம் பிடிச்சார்."

"பன்னிரண்டு வருஷமா இதே சாட்டு. அந்த மனிசரும் பின்னேரம் ஆறு மணிக்கு ஓடி வந்தார். விரலெல்லாம் சிவப்பு. மருதோண்டி பொண்ணுக்கா உங்களுக்கான்னு எங்க ராத்தா கேட்டதுக்கு வெட்கப்பட்டுச் சிரிச்சார். லாப்ல இருந்து நேரா வாறேன்னு சொன்னார்." ஜெஸீமா பெருமூச்சு விட்டார். "நல்ல மனிசர். அடுத்த வருஷமே மௌத்தாகிட்டார்."

பெப்ரவரி 11, புதன்கிழமை. மாலை 4.00.

விசாரணைத் தலைவர் கொழும்பிலிருந்து வந்து பதுளை வாடிவீட்டில் தங்கியிருந்தார். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியும் ஓய்வு கொடுக்கப்படாத மனிதர். அலவியின் நோட்டை மேசையில் வைத்தார். தொடலாம், கொண்டுபோக முடியாது என்றார்.

முழுக்க எண்கள். நாளுக்கு ஒரு வரி. கிழமை எழுதப்படவில்லை, தேதி மட்டும். ஆறு வரி, ஒரு வெற்று வரி. ஆறு வரி, ஒரு வெற்று வரி. பள்ளிக்கூட நேரசூசி போல அத்தனை ஒழுங்கு. 1969 ஜனவரியில் விடுபட்ட தேதிகள் 5, 12, 19, 26.

இத்ரூஸ் பத்தொன்பதில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"என்ன இன்ஸ்பெக்டர்?"

"ஒண்ணுமில்லை சேர். இது என் கல்யாண நாள்."

தலைவர் வாழ்த்துச் சொன்னார். இத்ரூஸ் நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். வீட்டில் பழைய கல்யாண அழைப்பிதழை எடுத்து ஒரு முறை பார்த்தார். பிறகு ஆய்வு நிலையக் களஞ்சியத்தில் மாடசாமியோடு சேர்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கடைசியாகப் பதுளையில் தனக்குத் தெரிந்த அச்சகத்துக்குப் போய், கொக்கியில் மாட்டி வைத்திருந்த பழைய நாட்காட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பெப்ரவரி 12, வியாழக்கிழமை. காலை 10.00.

நிலையத்தின் கூட்ட அறை. தலைவர் நடுவில். ஒரு பக்கம் வீரசிங்கம், ஹுமைத். மறுபக்கம் ஸுபைரா தனியாக. கதவருகே மாடசாமி நின்றுகொண்டிருந்தார். இத்ரூஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்காரச் சொன்னார்.

"சேர், மூணு பேர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கணும்" என்றார் இத்ரூஸ். "அறுபத்தொன்பது ஜனவரியில ஞாயிற்றுக்கிழமைகள்ல என்ன நடக்கும்? மாடசாமி, நீங்க?"

"ஞாயித்துக்கெழமையா? வேலைங்க ஐயா. வேற என்ன?"

"ஹுமைத்?"

ஹுமைத் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பள்ளிக்கூடம் சேர்! ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பாடம். நான் அழுதுட்டுப் போவேன்."

"டாக்டர் வீரசிங்கம்?"

"இதென்ன சிறுபிள்ளைத்தனம்? ஞாயிறு ஓய்வு நாள். உலகம் முழுக்க ஓய்வு நாள்."

தலைவரின் பேனா நின்றது. அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி வீரசிங்கத்தைப் பார்த்தார். அறையில் முதலில் விஷயம் புரிந்தது அந்தக் கிழவருக்குத்தான்.

"உலகம் முழுக்க உண்மைதான் சேர்" என்றார் இத்ரூஸ். "ஆனா நம்ம நாட்டுல அறுபத்தாறு தொடங்கி எழுபத்தொண்ணு நடுப்பகுதி வரைக்கும் ஞாயிறு லீவு இல்லை. போயாதான் லீவு. பௌர்ணமி, அமாவாசை, இடையில வர்ற ரெண்டு அரைச் சந்திரன். கிழமை எதுவா இருந்தாலும் சரி. பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர், இந்த லாப், எல்லாம் அன்னைக்குத்தான் பூட்டு. பத்து வருஷமா மறுபடி ஞாயிறு வந்துட்டதால நமக்கே மறந்துபோச்சு. நானும் மறந்துட்டேன். என் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்துச்சு, ஆள் வரலை, வேலை நாள்னு பன்னிரண்டு வருஷமா பொஞ்சாதிகிட்ட சாட்டு சொல்றேன். ஞாயிறு எப்படி வேலை நாளாச்சுன்னு நேத்துத்தான் யோசிச்சேன்."

அவர் நோட்டைத் திறந்தார்.

"இதை எழுதினவர் கெட்டிக்காரர். அறுபத்தொன்பதுல எந்தத் தேதி ஞாயிறுன்னு தேடிப் பார்த்து, ஒண்ணுவிடாம வெறுமையா விட்டிருக்கார். அந்த மாதத்துப் பௌர்ணமியன்னைக்கு, லாப் பூட்டிக் கிடந்தப்ப, உட்கார்ந்து ஆயிரம் கலம் எண்ணியிருக்கார்."

"அலவி தன் இஷ்டப்படி போயாவுக்கு வேலை செஞ்சு ஞாயிறு ஓய்வெடுத்திருக்கலாம்" என்றார் வீரசிங்கம். குரலில் சீவல் கலைந்திருந்தது.

"இருக்கலாம்னு நானும் நினைச்சேன். இது அந்த வருஷத்து வரவுப் பதிவேடு. ஜனவரி அஞ்சு, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. நாலு ஞாயிறும் அலவி டொக்டரோட கையெழுத்து. போயா நாள்ல ஒண்ணுகூட இல்லை. பத்தொன்பதாம் தேதி சிவந்த விரலோட என் கல்யாணத்துக்கு வந்தார். சாட்சி வேணும்னா என் வீட்டுல இருக்கு, கூப்பிட்டா நிறுத்தவே முடியாது."

ஹுமைத் சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

"ஆக, நோட்டு பொய். எழுதினது யார்? நோட்டுத் திருடினவர் தட்டுல தேடியிருக்கார். மாடசாமிக்குத் தேடத் தேவையில்லை, இருட்டுலயும் எடுப்பார். சுவர்ச் சாவி எட்டுற தூரத்துல ரெண்டு பேர். ஹுமைத் ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பாடத்துக்கு அழுதவர். இந்த நிலையத்துல அந்த வருஷங்கள்ல நாட்டுல இல்லாதவர் ஒரே ஒருத்தர். ஏழு குளிர்காலம் பார்த்தவர். போயா லீவைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க சேர். ஆனா கேள்விப்பட்டது எழுதும்போது கைக்கு வராது."

ஸுபைரா வீரசிங்கத்தை நேராகப் பார்த்தார்.

"என் நோட்டு?" என்றார் ஸுபைரா. "எரிச்சிட்டீங்களா?"

"அது இல்லாமலே உங்க உழைப்பை நிரூபிக்கலாம் டாக்டர்." இத்ரூஸ் சட்டைப் பையிலிருந்து வரைபடத்தையும் அச்சகத்து நாட்காட்டியையும் எடுத்துத் தலைவரின் முன் விரித்தார். "1970. புள்ளி விட்டுப்போன ஒவ்வொரு இடத்தையும் நாட்காட்டியோட வச்சுப் பாருங்க. ஏழு நாள், ஏழு நாள், எட்டு நாள். ஒவ்வொண்ணும் அந்த வருஷத்துப் போயா. பத்து வருஷத்துக்கு முன்னமே அச்சானது. யாரும் இப்ப போய்த் திருத்த முடியாது."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. கடைசிப் புள்ளி முடிந்ததும் வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"நோட்டு எங்கே?"

"என் மேசை இழுப்பறையில." வீரசிங்கம் தரையைப் பார்த்துச் சொன்னார். "கொளுத்தத்தான் எடுத்தேன். நெருப்புக்குச்சியும் உரசினேன். தொண்ணூறு நாள் எண்ணினது... மனசு வரலை."

அந்த ஒரு வரிக்காக ஸுபைராவுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஆனால் அவர் செய்ததை மன்னிக்க மனம் வரவில்லை. செத்துப்போன அலவியின் பெயரை அல்லவா இதற்குள் இழுத்திருந்தார்.

மாடசாமி போய் நோட்டை எடுத்து வந்தார். யாரிடமும் கொடுக்காமல் நேராக ஸுபைராவின் கையில் வைத்தார்.

தலைவர் சர்வதேசக் குழுவுக்கான பரிந்துரைக் கடிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே வாசித்தார். "டாக்டர் ஸுபைராவின் மீதான குற்றச்சாட்டு பொய்யென நிரூபிக்கப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்களைப் பெற்ற அவருடைய ஆய்வு..."

"இருநூற்றுப் பதின்மூன்று" என்றார் ஸுபைரா.

பேனா நின்றது. "பட்டியலில் பதினான்கு இருக்கிறதே அம்மா."

"பிர்னோ பேராசிரியரோடதைக் கழிச்சிடுங்க சேர். நம்ம போயா லீவைப் பார்த்துட்டு, தேயிலைக் கலங்கள் சந்திரனைப் பார்த்து ஓய்வெடுக்குதுன்னு எழுதிட்டார். பிழையான மேற்கோள் எனக்கு வேணாம்."

"ஒன்று கூடுதலாக இருந்தால் உங்களுக்கு நல்லதுதானே?"

"எண்ணிப் பார்க்காத எண் ஒண்ணும் என் பேர்ல இருக்கக் கூடாது சேர்."

தலைவர் பதினான்கை அடித்துப் பதின்மூன்று என்று எழுதினார். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தாறு. ஸுபைரா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"மாடசாமி, கத்தியைக் கழுவி வச்சீங்களா?"

"வச்சிட்டேங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே மாடசாமி அவருக்கு முன்னால் லாபுக்கு நடந்தார்.